தாய்மாமன் மடி கேட்ட வழக்கு

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கோர்ட்டு வளாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்குக் கைநாட்டுத்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் கயல்விழி. இலவச சட்ட உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற வக்கீல் பிள்ளை.

"நீங்க பேசுறத அப்படியே எழுதினா அச்சுல ஏறாது பாட்டி. கொஞ்சம் இஸ்திரி போட்டுக்கிடுறேன்" என்றாள்.

"போடு தாயி. ரொம்பச் சூடு வச்சுராத, துணி தீஞ்சு போகும்" என்றேன்.

அவள் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் பிரிந்திருக்கிற தாயோ தகப்பனோ பிள்ளையைப் பார்க்கக் கோர்ட்டு வரை வர வேண்டியதில்லையாம். போனிலேயே முகத்தைக் காட்டிவிடுகிறார்களாம். கயல்விழியிடம் வந்த ஒரு பெண், தாயில்பட்டிக்காரி, அழுதிருக்கிறாள். 'போன்ல பாத்தாப் போதும்ங்கிறாக மேடம். எனக்குப் போதலையே' என்று.

"போதாதுன்னு ஜட்ஜய்யாகிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியல பாட்டி. நீங்க அந்த அறையிலயே கிடந்தவுக. சொல்லுங்க" என்றாள் கயல்விழி.

எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்தது அந்த அறைதான். அதைச் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளையில் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கினேன். பள்ளிக்கூடம் என் பக்கம் வரவில்லை, நானும் அதன் பக்கம் போகவில்லை. கல்யாணம், பிள்ளைகள், அது எல்லோருக்கும் உள்ளது. பிறகு விருதுநகர் வந்து கோர்ட்டு வளாகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. முதல் வருடம் கறுப்புக் கோட்டைக் கண்டால் தூண் மறைவில் நிற்பேன். அடுத்த வருடம் கறுப்புக் கோட்டுகள் என்னிடம், "பேச்சியம்மா, டீக்கடைக்குப் போறியா?" என்று கேட்க ஆரம்பித்தன. பயம் போய்விட்டது. அவ்வளவுதான் நான் பெற்ற பயிற்சி.

அப்புறம் ஒரு நாள் எஸ்தர் அம்மா என்னைக் கூப்பிட்டார். எஸ்தர் அம்மா வக்கீல். ஆனால் வாதாடுகிறவர் இல்லை. புருஷன் பெண்டாட்டி வழக்குகளில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுகிற சமரசக்காரர். தகப்பனார், தாயார், அக்காமார் எல்லோரும் டீச்சர்கள். அதனால் வீட்டிலேயே வகுப்பு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவு நிதானம். பழைய சாமான் கிடந்த ஒரு அறையைக் காட்டி, "இதைப் பிள்ளைகள் வர்ற அறையா மாத்தணும். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். என்னை 'நீங்க' என்று சொன்ன முதல் ஆபீசர் அவர். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே மூன்று தடவை கழுவிவிட்டேன்.

அறை சின்னதுதான். ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரோ தானமாகக் கொடுத்த பொம்மைகள். ஒரு யானைக்குத் தும்பிக்கை கிடையாது. பிள்ளைகள் எல்லாம் அந்த யானையைத்தான் தேடும், ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு வாகை மரம். அதன் நிழலில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நெற்று காய்ந்து கலகலக்கிற காலத்தில், அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தித் திட்டுவார்கள். தீர்ப்பு வாங்கினதும் இரண்டு கூட்டமும் ஒரே பரோட்டாக் கடைக்குத்தான் போகும். ஒரே அடுப்பில் பொரித்ததை வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும். எங்கள் ஊர்ப் பரோட்டா அப்படி, விவாகரத்துக்கூட அதைப் பிரிக்க முடியாது.

எஸ்தர் அம்மாவின் முறைகளைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளையைக் கூட்டிவருகிறவர் கிழக்கு வாசலில் வர வேண்டும், பார்க்க வருகிறவர் மேற்கு வாசலில். வாசலில் முகம் பார்த்துச் சண்டை வரக் கூடாது என்பதற்காக. பார்க்க வருகிறவர் முன்னாலேயே வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், நின்றுகொண்டு கையை நீட்டக் கூடாது. பெரிய பொம்மை, சைக்கிள் எதுவும் கூடாது. "பிள்ளை உங்களைப் பாக்க வரணும், சைக்கிளைப் பாக்க வரக் கூடாது" என்பார். பிள்ளையிடம் 'அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா' என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரு தகப்பன் கேட்டுவிட்டான். எஸ்தர் அம்மா கோபப்படவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு ரெண்டு கண்ணுல எது பிடிக்கும், சொல்லுங்க, மத்ததை எடுத்துருவோம்" என்றார். அவன் திரும்பிப் போய்த் தும்பிக்கை இல்லாத யானையை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தான்.

பேச்சு நடக்கிற அறை பக்கத்தில். அங்கே அவர் முதலில் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். யார் அடித்தார், யார் வீட்டை விட்டுப் போனார் என்று ஆரம்பிக்க மாட்டார். பிள்ளை என்ன சாப்பிடும்? எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும்? அழுதால் யாரிடம் போகும்? இதைத்தான் இரண்டு பேரிடமும் கேட்பார். அழுதால் யாரிடம் போகும் என்பதற்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே பதில் சொல்வார்கள். "எங்கிட்டத்தான்." நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவேன்.

அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவள் மாரிச்செல்வி ஒருத்திதான். பெயர் மாற்றித்தான் சொல்கிறேன். அந்த அறையில் பேசினது வெளியே போகக் கூடாது என்பது எஸ்தர் அம்மாவின் சட்டம். மாரிச்செல்வியிடம் கேட்டேன். "சொல்லுங்க பெரியம்மா, நாலு பேருக்கு ஒதவட்டும்" என்றாள்.

மாரிச்செல்வி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். முதல் தடவை சட்ட உதவிக்கு வந்தபோது கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். கையெல்லாம் வெள்ளி மாதிரி மருந்துத் தூள். "உக்காருத்தா" என்றேன்.

"வேணாம் பெரியம்மா. நாற்காலில ஒட்டிக்கிரும்."

"ஒட்டினா ஒட்டட்டும். வக்கீலய்யாமாரு எழுந்திரிச்சுப் போறப்ப மின்னட்டும், உக்காரு."

சிரித்துவிட்டாள். அப்புறம் மெதுவாக, "பீஸு எம்புட்டு கேப்பாக?" என்றாள். பெண்களுக்கு இங்கே பீஸ் கிடையாது, உனக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள், சர்க்காரே வக்கீல் வைத்துக் கொடுக்கும் என்றேன். நம்பவில்லை. வெளியே போய்ப் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்தாள். "ஆமா, போட்டிருக்கு" என்று எனக்கே சொன்னாள்.

அவள் புருஷன் கணேசன், ஆனைக்குட்டத்துக்காரன். சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடநாடு வரை லாரி ஓட்டுகிறவன். சந்தேகக்காரன். லோடு இறக்கிவிட்டு வந்த அன்றைக்கெல்லாம் வீட்டில் அடி. கடைசியில் ஒரு நாள் அவளை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பிள்ளை உள்ளே. கதிர் என்று பெயர், அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயது. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே அண்ணன் முனியசாமி, சிவகாசியில் காலண்டர் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். அவன் வீட்டில் வந்து கிடந்தாள். ஊரில் பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள் என்று காலம் போய்விட்டது. பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. அப்புறம்தான் எங்களிடம் வந்தாள்.

விவாகரத்து, பிள்ளை, ஜீவனாம்சம் மூன்றுக்கும் மனுப் போட்டார்கள். சின்னப் பிள்ளை தாயிடம்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதாம். ஆனால் கணேசனுடைய வக்கீல், வெடி மருந்தில் கையை வைக்கிறவளிடம் பச்சைப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று பிடித்துக்கொண்டார்.

மாரிச்செல்வி பட்டென்று கேட்டாள். "அவுக லாரில என்ன, பஞ்சு மிட்டாயா ஏத்துறாக?"

எஸ்தர் அம்மா குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கிறபோது அவர் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் அவளிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பிள்ளை என்ன சாப்பிடும் என்றதற்கு, "நான் இருந்தப்பப் பருப்புஞ்சோறு" என்றாள். எந்தப் பக்கம் படுக்கும் என்றதற்கு, இடது பக்கம் என்று தன் கையைத் தொட்டுக் காட்டினாள்.

"அழுதா யாருகிட்டம்மா போவான்?"

அவள் முந்தானை நுனியைச் சரவெடி பின்னுகிற மாதிரி பின்னிக்கொண்டே இருந்தாள். "தெரியலம்மா" என்றாள் கடைசியில். "முந்தி எங்கிட்ட வருவான். இப்ப யாருகிட்டப் போறானோ."

எஸ்தர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். யாராவது அழுகிறபோது அவர் எழுத மாட்டார்.

வழக்கு முடிகிறவரை சனிக்கிழமைதோறும் எங்கள் அறையில் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவாகியது. மாரிச்செல்வி கம்பெனியில் சொல்லிவிட்டு, கையை எண்ணெய் போட்டு உரித்த மாதிரி தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். ஜமுக்காளத்தில் சுவரோடு சாய்ந்து உட்காருவாள். வெளியே ஆட்டோ சத்தம் கேட்டால், "வந்துட்டாகளா பெரியம்மா?" என்பாள். நான் எட்டிப் பார்ப்பேன். வேறு யாராவது இருப்பார்கள். பைக் சத்தம் கேட்டால் மறுபடியும், "வந்துட்டாகளா?" அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் சொல்வார்கள். மழை என்று ஒரு வாரம். மழையாவது, எங்கள் ஊரிலாவது! வானம் பொய் சொன்னாலும் சொல்லும், இவ்வளவு சொல்லாது.

ஜட்ஜய்யா ஒரு நாள் கடுமையாகப் பேசினார். அதற்கு அடுத்த சனிக்கிழமை கிழக்கு வாசலில் ஒரு அம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கணேசனின் தாய், சீனியம்மாள். கெட்டியான ஆள். வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுதான் பிள்ளை காட்டுற எடமா? ஆஸ்பத்திரி கணக்கால்ல இருக்கு" என்றாள்.

"ஆஸ்பத்திரிதான் மதினி. ஊசி மட்டும் கெடையாது" என்றேன்.

பிள்ளை அப்பத்தாளின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இறங்க மறுத்தான். மாரிச்செல்வி எஸ்தர் அம்மா சொன்னபடி எழுந்திரிக்கவில்லை, கையை நீட்டவில்லை. அண்ணன் அச்சாபீசிலிருந்து கொண்டுவந்த கலர் காகித வெட்டுகளை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். சரவெடி பின்னுகிற அதே விரல். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நீளமாக வளர்ந்தது. பிள்ளை ஒரு கண்ணால் பார்த்தான். அப்புறம் இரண்டு கண்ணாலும் பார்த்தான். இறங்கி வந்து நுனியைப் பிடித்தான்.

"பட்டாசா?"

"பட்டாசு இல்ல ராசா, காகிதம். வச்சுக்கோ."

வாங்கிக்கொண்டான். அங்கன்வாடியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அப்பத்தாளிடம் ஓடிவிட்டான்.

பெற்ற பிள்ளை விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி தேங்க்ஸ் சொன்னால் எப்படி இருக்கும்? மாரிச்செல்வி சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்து அவர்கள் கிழக்கு வாசலில் போகிறவரைக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் தோளில் விழுந்தாள். சனிக்கிழமைகள் இப்படியே போயின. பிள்ளை காகிதச் சங்கிலிக்கு வருவான், விளையாடுவான், சிரிக்கக்கூடச் செய்வான். கால் இடறி விழுந்தால் அப்பத்தாளிடம் ஓடிவிடுவான்.

இந்த நேரத்தில்தான் சீனியம்மாள் ஒரு நாள் தானாகவே எஸ்தர் அம்மாவைப் பார்க்க வந்தாள். வழக்குத் தேதியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. கூடக் கணேசனும் அவன் வக்கீலும். என்ன விஷயம் என்றால், பிள்ளைக்குக் கைக்குழந்தையில் கடுமையான காய்ச்சல் வந்தபோது, இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டையெடுத்துக் காது குத்துகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். காலம் வந்துவிட்டது. காது குத்த வேண்டுமானால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் யார்? முனியசாமி. கணேசன் வீட்டில் அவன் தங்கச்சியைக் கதவுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

"கோயிலுக்குப் போய்ப் பாத்தோம்மா" என்றாள் சீனியம்மாள். "பக்கத்து வீட்டுல மாமன் முறை ஆகுற பையன் ஒருத்தன உக்கார வச்சோம். ஆசாரி ஊசியக் கையில எடுத்துட்டுக் கேட்டான், தாயோட கூடப் பொறந்தவுகளான்னு. ஆமான்னு சொல்ல வாயத் தொறந்தேன். ஆத்தா சந்நிதில பொய் வரல. பிள்ளையத் தூக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அம்மா, இது கோர்ட்டுல கேக்குற விசயம் இல்ல."

"நீங்க சும்மா இருங்க வக்கீலய்யா. ஒங்களுக்குக் காது குத்தையில மடி கொடுத்தது யாரு, ஒங்க கிளார்க்கா?"

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். கணேசன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். சீனியம்மாள் எஸ்தர் அம்மாவின் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. அவன மட்டும் வந்து மடி கொடுக்கச் சொல்லுங்க."

எஸ்தர் அம்மா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் இந்த இடத்தில் அவர் நடந்துகொண்டதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். வழக்கை முடிக்க இதுதான் கையில் கிடைத்த பிடி என்று நினைக்கவில்லை. "சாமி காரியத்தை வச்சுப் பேரம் பேச நான் விட மாட்டேன்மா. கேட்டுப் பாக்குறேன், அம்புட்டுத்தான். மாட்டேன்னு சொன்னா அதுவும் அவுக இஷ்டம்" என்றார்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் முனியசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"மடியா? எந்தங்கச்சிய வெளிய தள்ளுனப்ப மாமன் நெனப்பு வரலையாம்மா? வக்கீல் வச்சுக் கேசு நடத்துறாகல்ல, அந்தக் கேசுக்கட்ட மடில உக்கார வச்சுக் காது குத்தச் சொல்லுங்க!"

"உக்காருங்க தம்பி" என்றார் எஸ்தர் அம்மா. நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கோபமாக இருக்கிறவருக்கு முதலில் தண்ணீர் என்பதும் அவருடைய முறைதான். தண்ணீர் குடிக்கிறவரையாவது வாய் மூடியிருக்கும்.

அவன் குடித்துவிட்டு உட்கார்ந்தான். யோசித்தான். "சரி. மடி தாரேன். பிள்ளைய எங்ககிட்டக் கொடுத்துட்டுக் காது குத்தச் சொல்லுங்க. போட்ட நகையும் வரணும். இல்லன்னா அவன் காது குத்தாத மொட்டையா அலையட்டும்."

அவன் கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வாசலில் நின்ற எனக்கு, இன்றைக்கே வழக்கு முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று சந்தோஷம்தான்.

மாரிச்செல்வி அதுவரை முந்தானை நுனியைப் பின்னிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் கேக்காதண்ணே" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணும் கேக்காத. போயி மடி கொடுத்துட்டு வா."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? இத விட்டா வேற என்னத்த வச்சுக் கேக்கப் போறோம்?"

"எம்பிள்ளை காதுல ஊசி ஏறையில அழுவான்ண்ணே. அந்த நேரம் நம்ம வீட்டு மடில இருக்கட்டும். அதுக்குப் போயி வெல சொல்லாத."

முனியசாமி எழுந்துபோய்ச் சன்னலுக்கு வெளியே வாகை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கடுக்கன் என்ன டிசைனுல எடுக்கணும்?" என்றான், திரும்பாமலேயே.

அன்றைக்கே சீனியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினோம், வந்தாள். எஸ்தர் அம்மா சொன்னார், "மாமன் வருவாரும்மா."

சீனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் உஷாராக, "அதுக்கு அவ என்ன கேட்டா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும் கேக்கல. போயி மடி கொடுத்துட்டு வான்னு அண்ணங்கிட்டச் சொன்னாக."

சீனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. "ஏதாச்சும் கேட்டிருந்தாச் சண்ட போட்டுக் கொறச்சுக் கொடுத்துட்டுப் போயிருவேன்" என்றாள் கடைசியில். "ஒண்ணுமே கேக்கலைன்னா நான் எப்பிடிம்மா போறது?"

அவளே எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்து, "அவளையும் வரச் சொல்லு. தாயில்லாப் பிள்ளைக்குத்தான் தாய் இல்லாமக் காது குத்துவாக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் என்னைக் கூப்பிட்டார்கள். எஸ்தர் அம்மாவையும் கூப்பிட்டார்கள். "நடுவுல இருக்கிறவ நடுவுலயே இருக்கணும். நீங்க போயிட்டு வாங்க" என்று எனக்கு லீவு கொடுத்தார்.

இருக்கன்குடியில் ஆற்று மணலில் ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் கணேசன் ஆட்கள், இன்னொரு ஓரத்தில் மாரிச்செல்வி ஆட்கள், நடுவே பொங்கல் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. முனியசாமி புது வேட்டியில் ஜம்மென்று வந்தான். தட்டில் பழம், புதுத் துணி, மாலை, சின்னக் கடுக்கன். கணேசனைப் பார்க்கவில்லை. கணேசனும் இவனைப் பார்க்கவில்லை. ஆனால் வெயில் சுட்டதும் கணேசன் தன் துண்டை எடுத்து மணலில் விரித்துவிட்டு விலகிப்போனான். முனியசாமி அதைப் பார்த்தான், அதன் மேல் உட்கார்ந்தான். அது போதாதா?

மாரிச்செல்வி தள்ளி, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொட்டை எடுக்கிறவரை பிள்ளை சமர்த்தாக இருந்தான். தலையில் சந்தனம் பூசினார்கள். ஆசாரி வந்து உட்கார்ந்து, "தாய்மாமன் நீங்கதானா?" என்றார்.

"நாந்தான்" என்றான் முனியசாமி. அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்ன சத்தத்தில் பக்கத்துப் பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டான். மாமன் மடியிலிருந்து துள்ளி, இரண்டு கையையும் அப்பத்தாளிடம் நீட்டினான். "அப்பத்தா தூக்கு! அப்பத்தா!"

சீனியம்மாள் ஒரு எட்டுதான் தள்ளி நின்றாள். கை முன்னால் வந்ததை நான் பார்த்தேன். வந்த கையை அப்படியே இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் பின்னால் நின்ற எனக்குத்தான் அது தெரிந்தது. ஒரு கை இன்னொரு கையை ஒடிக்கிற மாதிரி பிடித்திருந்தது.

"அங்கன போடா" என்றாள். "ஒங்கம்மாகிட்டப் போடா."

பிள்ளை நம்பாமல் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரிச்செல்வி வந்து மணலில் உட்கார்ந்தாள். எங்கள் அறையில் உட்காருகிற மாதிரியே, கையை நீட்டாமல். முனியசாமி தன் மடியை அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தான். பிள்ளை அழுதுகொண்டே போய் அவள் இடது பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். சந்தனம் முழுக்க அவள் சேலையில். அப்போதும் ஒரு கண் அப்பத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் எஸ்தர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை அழுதப்ப யாருகிட்டப் போனான்?"

நடந்ததைச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் கட்டின கையையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை சிரிப்புக்காக இல்லை. "அந்தம்மாவுக்கும் பிள்ளையப் பாக்க ஒரு நாள் எழுதணும் பேச்சியம்மா" என்றார்.

எழுதினார். கணேசனும் மாரிச்செல்வியும் சேர்ந்து வாழவில்லை. காது குத்தினால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சம்மதத்தோடு விவாகரத்து ஆனது. பிள்ளை தாயிடம். ஜீவனாம்சம் மாதம் தவறாமல் வருகிறது. சனிக்கிழமைதோறும் தகப்பனும் அப்பத்தாளும் எங்கள் அறையில் பிள்ளையைப் பார்க்கலாம் என்று ஒப்பந்தம். கணேசன் பாதி நாள் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவான். வருகிறவள் சீனியம்மாள்தான்.

இப்போது அவள் மேற்கு வாசலில் வர வேண்டும். முதல் சனிக்கிழமை பழக்கத்தில் கிழக்கு வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றிப் போனாள். உள்ளே வந்து, ஜமுக்காளத்தில், மாரிச்செல்வி சாய்ந்திருந்த அதே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் அவித்த கடலைப் பொட்டலம். வெளியே ஒரு ஆட்டோ சத்தம் கேட்டது.

"வந்துட்டாகளா மதினி?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். மாரிச்செல்வியேதான். அவள் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. சீசன் நேரம், கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிற காலத்திலும், கையில் வெள்ளித் தூளோடாவது வந்துவிடுவாள். "காத்துக் கெடக்குறது எப்பிடின்னு எனக்குத் தெரியும் பெரியம்மா" என்பாள், அவ்வளவுதான்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்திய சனிக்கிழமை சீனியம்மாள் வரவில்லை. நேரம் முடிந்துவிட்டது. சட்டப்படி மாரிச்செல்வி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் பொம்மைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். கதிர் பள்ளிக்கூடம் போகிற பையனாகியிருந்தான், காதில் அந்தக் கடுக்கன். சன்னல் கம்பியில் ஏறி நின்றுகொண்டு, தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வந்துட்டாகளா பாட்டி?"

மாரிச்செல்வி எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். "யானைய உள்ள வைக்காதீக பெரியம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்று முந்தானை நுனியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

பஸ் பழுதாகி வழியில் நின்றிருக்கிறது. சீனியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடி வந்தாள். போயிருப்பார்கள் என்று நினைத்துத்தான் ஓடி வந்திருக்கிறாள். வாசலில் நின்று மூன்று பேரையும் பார்த்தாள். கதிர் கம்பியிலிருந்து குதித்தான். இந்தத் தடவை அவள் கை பின்னால் போகவில்லை.

கயல்விழி பேனாவை மூடி வைத்துவிட்டாள். "இத அப்பிடியே கோர்ட்டுல சொல்ல முடியாது பாட்டி" என்றாள்.

"சொல்ல வேணாம். ஒங்கிட்ட வந்து அழுத அந்தத் தாயில்பட்டிக்காரிக்குச் சனிக்கிழமை கேட்டு வாங்கிக் கொடு. அவ பெத்த பிள்ளை போன்ல அழுதா எந்தப் பக்கம் போயி மூஞ்சிய வைக்கும்?"

அவள் போய்விட்டாள். மிச்சத்தை அவள் மறுபடி வந்தபோது சொல்லி எழுத வைத்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. வாய் தானாகவே, "வந்துட்டாகளா?" என்றது.

அடுப்படியிலிருந்து என் மருமகள் சிரித்தாள். "யாரு வரணும் அத்தை?"

"யாராச்சும் ஒரு பிள்ளை" என்றேன்.